முதல் நாள் கூட்டம் எதைக் காட்டுகிறது?

கேள்வி: புதிய கேம் கன்சோல் வரும்போதெல்லாம் விலை அதிகம் என்று புலம்புகிறார்கள். ஆனால் விற்பனைக்கு வந்த அன்றே தீர்ந்துவிடுகிறது. அப்படியானால் என்ன விலை வைத்தாலும் மக்கள் வாங்குவார்கள் என்றுதானே பொருள்? வாங்க முடியாதவர்கள்தான் குறை சொல்கிறார்களோ?

பதில்: உங்கள் கடைசி வரியை என்னால் ஏற்க முடியவில்லை. விலை அதிகம் என்று சொல்பவர் பெரும்பாலும் கணக்குப் பார்ப்பவர். ஆசையோடு வந்து, விலையைக் கேட்டு, ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று திரும்பிப் போகிறவர். இந்தத் தொழிலில் பெரிய பெரிய நிறுவனங்களைப் பணிய வைத்தவர் அவர்தான். சரி, காசு இல்லாதவராகவே இருக்கட்டும். விலையைப் பற்றிப் பேச அவருக்கும் உரிமை உண்டு.

முதல் நாளே தீர்ந்துபோவதைச் சான்றாகக் காட்டுகிறீர்கள். 2006 நவம்பரில் சோனியின் பிளேஸ்டேஷன் 3 வந்தபோதும் தீர்ந்துதான் போனது. பெரிய மாடல் 599 டாலர், சின்னது 499. (இந்தப் பதிலில் டாலரில் வருவதெல்லாம் அமெரிக்க விலை.) கடை வாசலில் இரவெல்லாம் காத்துக்கிடந்து வாங்கினார்கள். வாங்கிய கையோடு பல மடங்கு விலைக்கு விற்றவர்களும் உண்டு. இதை வாங்குவதற்காக இன்னும் கொஞ்ச நேரம் கூடுதலாக உழைக்கலாம் என்று மக்கள் நினைப்பார்கள் என்ற பொருளில், பிளேஸ்டேஷனை உருவாக்கிய கென் குடராகி முன்கூட்டியே பேசியிருந்தார். மக்கள் அப்படி நினைக்கவில்லை. வரிசையில் நின்றவர்கள் வாங்கி முடித்ததும் கூட்டம் கரைந்தது. 2007 ஜூலையில் 599 டாலர் மாடல் 499 ஆனது. அந்த ஆண்டு முடிவதற்குள் 399க்கு ஒரு மாடல் வந்தது. 2009இல் 299. அதே 2006 நவம்பரில், இரண்டே நாள் கழித்து 249 டாலருக்கு வந்த நின்டெண்டோ நிறுவனத்தின் ‘வீ’ கன்சோல் 10 கோடிக்கு மேல் விற்றது.

சோனி கொள்ளை லாபம் வைத்து விற்றது என்று நான் சொல்லவில்லை. அந்தப் பெட்டியைப் பிரித்துப் பார்த்துக் கணக்கிட்ட ஓர் ஆய்வு நிறுவனம், தயாரிப்புச் செலவே 800 டாலரைத் தாண்டும் என்றது. டிஸ்க்கை ஓட்டும் புளூரே டிரைவும், பெட்டியின் மூளையான செல் சிப்பும் செலவை ஏற்றிவிட்டன. ஒவ்வொரு பெட்டியிலும் நஷ்டம். ஆனால் வாங்குபவருக்கு அந்தச் செலவுப் பட்டியல் எதற்கு? இதில் விளையாட என்ன இருக்கிறது, இந்தப் பணத்துக்கு அது தகுமா என்றுதான் அவர் பார்க்கிறார்.

இது ஒருமுறை நடந்த விபத்தும் அல்ல. 1993இல் 3டிஓ என்ற கன்சோல் 700 டாலருக்கு வந்து சில ஆண்டுகளில் காணாமல் போனது. 1995இல் ஒரு கேம் கண்காட்சியில் சேகா நிறுவனம் தன் சாட்டர்ன் கன்சோல் 399 டாலர் என்று அறிவித்தது. அதே கண்காட்சியில் சோனியின் ஸ்டீவ் ரேஸ் மேடையேறி ‘299’ என்ற எண்ணை மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். அவர் சொன்னது முதல் பிளேஸ்டேஷனின் விலை. அரங்கம் கைதட்டியது. 2013இல் 499 டாலருக்கு வந்த மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் ஒன், 399 டாலர் பிளேஸ்டேஷன் 4க்குப் பின்னால் தங்கிவிட்டது. அடுத்த ஆண்டே, அதோடு சேர்த்து விற்ற கைனெக்ட் கேமராவை எடுத்துவிட்டு 399க்கு இறங்கி வந்தார்கள்.

என்னை அதிகம் பாதித்தது 2011இல் வந்த நின்டெண்டோ 3டிஎஸ் என்ற கையடக்கக் கன்சோலின் கதை. மார்ச் மாதம் 250 டாலர். விற்பனை சுணங்கியது. ஆகஸ்டிலேயே 170. ஐந்து மாதத்தில் 80 டாலர் குறைந்தால் முதலில் வாங்கியவருக்கு வயிறு எரியாதா? அந்த எரிச்சலை நிறுவனம் புரிந்துகொண்டது என்பதுதான் முக்கியம். பழைய விலைக்கு வாங்கியவர்களுக்கு 20 கேம்களை இலவசமாகக் கொடுத்தார்கள். தலைவர் சடோரு இவாடா தன் சம்பளத்தில் பாதியைக் குறைத்துக்கொண்டார். விலை இறங்கிய பிறகு 3டிஎஸ் எழுந்து நின்று, மொத்தம் 7.5 கோடிக்கு மேல் விற்றது. தப்பான விலையை வைத்துவிட்டு, அதற்கு மேலிடத்திலிருந்தே விலை கொடுத்தவர்களை இந்தத் தொழிலில் நான் அதிகம் பார்த்ததில்லை.

‘நின்டெண்டோவின் புதிய கன்சோல் ஸ்விட்ச் 2 மட்டும் எப்படி விற்றது?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2025 ஜூனில் 450 டாலருக்கு வந்து நான்கே நாளில் 35 லட்சம் விற்றது. செப்டம்பர் முடிவுக்குள் 1 கோடியைத் தாண்டியது. அதற்கு முந்தைய ஸ்விட்சை வாங்கியவர்கள் 15 கோடிக்கு மேல். அவர்கள் கையில் இருக்கும் பழைய கேம்களில் பெரும்பாலானவை இதிலும் ஓடும். எதற்குப் பணம் தருகிறோம் என்று தெரிந்தே தந்தார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். ஜப்பானில் மட்டும் ஜப்பானிய மொழியில் மட்டுமே இயங்கும் ஒரு ஸ்விட்ச் 2ஐ 2025இல் 49,980 யென்னுக்கு விற்றார்கள். எல்லா மொழிகளும் உள்ளது 69,980 யென். என்ன விலை வைத்தாலும் மக்கள் வாங்குவார்கள் என்று நின்டெண்டோ நம்பியிருந்தால், சொந்த நாட்டில் 20,000 யென்னை ஏன் விட்டுக்கொடுத்தது?

விலைவாசியைச் சேர்த்துப் பார்த்தால் அந்தக் காலத்துக் கன்சோலும் மலிவில்லை என்று சிலர் வாதிடுகிறார்கள். உண்மைதான். 1977இல் 199 டாலருக்கு வந்த அட்டாரி கன்சோலின் விலை இன்றைய மதிப்பில் 1,000 டாலரை ஒட்டி வரும். ஆனால் அன்றைக்குக் காத்திருந்தவருக்குப் பலன் இருந்தது. பிளேஸ்டேஷன் 2 வந்தது 299 டாலருக்கு. பிறகு 199, 179, 149, 129 என்று இறங்கி, 2009இல் 99க்கே கிடைத்தது. அது 16 கோடி விற்றது. முதல் நாள் வரிசையில் நின்றவர்களால் மட்டும் அந்த எண்ணிக்கை வந்துவிடாது. 149க்கும் 129க்கும் பிள்ளைகளுக்கு வாங்கித் தந்த பெற்றோரும், மாதக்கணக்கில் சேமித்த மாணவர்களும் அதில் இருக்கிறார்கள்.

அந்த வழி இப்போது அடைபட்டுவிட்டது. என் கோபம் இங்கேதான். பிளேஸ்டேஷன் 5 வந்து ஐந்து வருடம் ஆகப்போகும் நேரத்தில், 2025 ஆகஸ்டில் 499இலிருந்து 549 ஆனது. எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ் அதே ஆண்டு மே மாதம் 599, அக்டோபரில் 649. சிப் செய்யும் செலவு முன்புபோல ஆண்டுக்கு ஆண்டு குறைவதில்லை, சுங்கவரி ஏறியது என்று காரணங்கள் இருக்கின்றன. அவற்றை நான் மறுக்கவில்லை. ஆனாலும் பொறுமையாகக் காத்திருந்தவர், அவசரப்பட்டு வாங்கியவரைவிட அதிகம் கட்ட வேண்டியிருக்கிறது. ‘கொஞ்சம் பொறுங்கள், விலை குறையும்’ என்று பெற்றோருக்குப் பல வருடங்களாகச் சொல்லிவந்த யோசனையை இன்று என்னால் தைரியமாகச் சொல்ல முடியவில்லை.

அப்புறம், பெட்டியில் அச்சிட்டிருக்கும் விலையோடு செலவு முடிவதும் இல்லை. பிளேஸ்டேஷன் 5 புரோ 2024இல் வந்தபோது 700 டாலர். அதில் டிஸ்க் டிரைவ் கிடையாது. வீட்டில் ஏற்கெனவே டிஸ்க் வைத்திருப்பவர் டிரைவுக்குத் தனியாக 80 தர வேண்டியிருந்தது. நண்பர்களோடு ஆன்லைனில் ஆடுவதற்கான வருடச் சந்தா, மிகக் குறைந்தது, இன்னொரு 80. புதிய கேம் ஒன்று 70. கூட்டினால் அன்றைய கணக்கில் 930. அதுவும் ஒரே ஒரு கேமோடு. இந்தத் தொகையைப் பார்த்துத் தயங்கி நிற்பவரைத்தான் வாங்க முடியாமல் குறை சொல்கிறவர் என்கிறீர்கள்.