முதல்வர் கேட்டால் குறிப்பேட்டைக் கொடுக்க வேண்டுமா?

கேள்வி: உளவியலில் முதுகலை முடித்து, கோவையில் ஒரு சிபிஎஸ்இ பள்ளியில் மனநல ஆலோசகராகச் சேர்ந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. மாணவர்கள் என்னிடம் பேசுவதை எழுதிவைக்கும் குறிப்பேட்டை வாரந்தோறும் காட்டும்படி முதல்வர் கேட்கிறார். இதற்கிடையில் ஒரு பயிற்சி நிறுவனத்தார், தங்களிடம் மூன்று மாதச் சான்றிதழ் பெற்றால்தான் ரகசியம் காக்கும் ‘உரிமம்’ கிடைக்கும் என்கிறார்கள். நான் என்ன செய்வது?

பதில்: குறிப்பேட்டைக் கொடுக்காதீர்கள். இந்த மாதம் எத்தனை பேர் வந்தார்கள், எந்தெந்த வகுப்பினர், பொதுவாக எவ்வகைச் சிக்கல்கள், எத்தனை பேரை மருத்துவரிடம் அனுப்ப வேண்டியிருந்தது என்று பெயரில்லாத ஒரு பக்க அறிக்கையைத் தாருங்கள். நிர்வாகத்துக்குத் தேவையானது அவ்வளவுதான். இந்த ஏற்பாட்டை முதல்வரிடம் எழுத்தில் ஒப்புதல் பெற்று, பெற்றோருக்கும் சுற்றறிக்கையாக அனுப்பச் சொல்லுங்கள்.

அந்த ‘உரிமம்’ சுத்தப் பித்தலாட்டம். 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் இந்திய மறுவாழ்வு கவுன்சில், மருத்துவ உளவியலாளர், சிறப்புக் கல்வியாளர் போன்றோரைப் பதிவு செய்கிறது. பள்ளி ஆலோசகராகப் பணிபுரிய அந்தப் பதிவு தேவையில்லை, உங்கள் முதுகலைப் பட்டமே போதும். கவுன்சிலின் பெயரையும் முத்திரையைப் போன்ற ஒன்றையும் விளம்பரத்தில் அச்சிட்டுவிட்டு, ரசீதில் மட்டும் ஏதோ ஓர் அறக்கட்டளையின் பெயரைப் போடும் இடைத்தரகர்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். நகையை அடகு வைத்துப் பணம் கட்டிய ஒரு பெண், வாட்ஸப்பில் வந்த ஒலிப்பதிவுகளையும் ஃபிரேம் போட்ட ஒரு சான்றிதழையும் தவிர வேறெதையும் பெறவில்லை. மேலும் படிக்க விரும்பினால், தொலைநிலை, நேரடி வகுப்பு, களப்பயிற்சி மூன்றும் அடங்கிய என்சிஇஆர்டியின் ஓராண்டு ஆலோசனைப் பட்டயப் படிப்பு இருக்கிறது. மறுவாழ்வு கவுன்சிலின் அங்கீகாரம் இருப்பதாகச் சொல்லும் எந்த நிறுவனமானாலும், கவுன்சிலின் இணையதளத்தில் உள்ள அங்கீகாரப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

ரகசியம் காக்க முடியாத இடங்களும் உண்டு. பதினெட்டு வயது நிரம்பாத ஒரு குழந்தை தனக்குப் பாலியல் துன்புறுத்தல் நேர்ந்ததாகச் சொன்னால், 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு உங்களைக் காவல்துறைக்குத் தெரிவிக்கக் கட்டாயப்படுத்துகிறது. “யாரிடமும் சொல்லாதீர்கள் மிஸ்” என்று அந்தக் குழந்தை கெஞ்சினாலும், குற்றம் செய்தவர் உறவினரே ஆனாலும், பெற்றோர் மறைக்கச் சொன்னாலும் இதில் மாற்றமில்லை. சந்தேகமே போதும், விசாரித்து நிரூபிப்பது உங்கள் வேலையன்று. நல்லெண்ணத்தில் தகவல் தந்தவர்மீது வழக்குத் தொடர முடியாது என்று அதே பிரிவு சொல்கிறது. தராவிட்டால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை உண்டு. “முதலில் தாளாளரிடம் பேசுவோம், பள்ளியின் பெயர் இருக்கிறதே” என்பார்கள். சட்டம் வந்து இத்தனை ஆண்டுகள் கழிந்தும் பள்ளியின் பெயரைக் குழந்தைக்கு மேலே வைக்கும் இந்தப் பழக்கம் நம் நிர்வாகங்களை விட்டுப் போகவில்லை. முதல்வரிடம் சொன்னதோடு உங்கள் பொறுப்பு தீர்ந்துவிடாது. தகவல் காவல் நிலையத்துக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ போய்ச் சேர்ந்ததை நீங்களே உறுதிசெய்ய வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணில் உதவியும் கேட்கலாம்.

மாணவரின் உயிருக்கு ஆபத்து தெரிந்தால் பெற்றோரிடம் அன்றே சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ், அதாவது அரசின் மனநல உதவி எண்ணையும் கொடுங்கள். மற்றவை குறிப்பேட்டிலேயே இருக்கட்டும்.

இந்த வரம்பை முதல் சந்திப்பிலேயே மாணவரிடம் சொல்லிவிடுங்கள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டபின் சொன்னால் அது துரோகமாகத் தெரியும். புகார் அளிக்க நேரும்போது, வாக்குமூலம் பெற வரும் காவலர் சீருடையில் வரக்கூடாது என்பதையும், வீட்டிலோ தனக்கு விருப்பமான இடத்திலோ பேசலாம் என்பதையும் குழந்தைக்கு விளக்குங்கள். ஆனால் உங்கள் அறை முதல்வர் அறைக்கு எதிரே கண்ணாடிக் கதவோடு இருந்தால், ஆசிரியர் வராத வகுப்புகளுக்கெல்லாம் உங்களையே அனுப்பினால், எந்தக் குழந்தை வந்து பேசும்? ஆலோசகர் இருக்க வேண்டும் என்று விதி எழுதிய வாரியம், அவருக்கு மூடிய கதவு ஒன்று இருக்கிறதா என்று வந்து பார்த்தால் நன்றாக இருக்கும். அதுவரை, பூட்டுள்ள அலமாரி ஒன்றை நீங்களே கேட்டு வாங்குங்கள். சாவி உங்களிடமே இருக்கட்டும்.