எடுத்த நிலத்துக்கு மாற்று நிலம் கிடைக்குமா?

கேள்வி: தாத்தாவின் 3 ஏக்கரை 1987-ல் அரசு எடுத்துக்கொண்டது. பங்காளித் தகராறில் பணத்தை யாரும் வாங்கவில்லை. இப்போது வாரிசுகளுக்கு மாற்று நிலம் ஒதுக்கப்போவதாகவும், அதற்குச் செலவாகும் என்றும் ஒரு புரோக்கர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு பைசா கொடுக்காதீர்கள். தகராறு இருந்ததால், அப்போதிருந்த 1894-ம் வருட நிலமெடுப்புச் சட்டத்தின் 30, 31(2) பிரிவுகளின்படி இழப்பீட்டைக் கோர்ட்டில் கட்டியிருப்பார்கள். உங்களுக்கு வர வேண்டியது அந்தப் பணம், நிலம் அல்ல.

புரோக்கர் காட்டும் சர்வே எண்ணை ‘அ’ பதிவேட்டில் (கிராம நிலங்களின் வகையைக் காட்டும் பதிவேடு) பாருங்கள். ஏரி, வாய்க்கால் புறம்போக்கு என்றிருந்தால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். மற்ற புறம்போக்கும் வருவாய் நிலையாணை 15-ன்படி நிலமற்ற ஏழைகளுக்குத்தான் ஒப்படை. பழைய இழப்பீட்டுக்கு ஈடாக அல்ல. “கலெக்டர் ஆர்டர் ரெடி” என்றால் ந.க. எண்ணும் (அலுவலகக் கோப்பு எண்) தேதியும் கேளுங்கள், மழுப்புவார். பொது அதிகாரப் பத்திரத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். அதை வைத்துக் கோர்ட் பணத்தையே எடுத்துவிட முடியும்.

2013-ம் வருடப் புதிய நிலமெடுப்புச் சட்டத்தைக் காட்டியும் ஏமாற்றுவார்கள். நிலத்துக்கு நிலம் என்று அதில் இருப்பது உண்மை. ஆனால் அது பாசனத் திட்டங்களுக்கு. நிலம் இழந்த குடும்பத்துக்குக் குறைந்தது 1 ஏக்கர், அதுவும் ஆயக்கட்டுப் பகுதியில் (அந்தத் திட்டத்தின் தண்ணீர் பாயும் பகுதி), ‘கூடுமானவரை’ என்ற சொல்லோடு. பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பங்களுக்கு எந்தத் திட்டமானாலும் இழந்த அளவு அல்லது இரண்டரை ஏக்கர், எது குறைவோ அது. 1987-ல் தீர்வம் (இழப்பீட்டை முடிவு செய்யும் உத்தரவு) போட்டு முடிந்த நிலத்துக்கு இதில் எதுவும் பொருந்தாது.

முதல் வேலை, தீர்வ நகல். நிலமெடுப்புத் தனி வட்டாட்சியர் அலுவலகத்தை எப்போதோ கலைத்திருப்பார்கள். கோப்பு கலெக்டர் அலுவலகப் பதிவறையில் கிடக்கும். கிராமம், சர்வே எண், வருடம் எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு போடுங்கள். எந்தக் கோர்ட், எல்.ஏ.ஓ.பி. (நிலமெடுப்பு வழக்கு) எண் என்ன, எந்தத் தேதியில் எவ்வளவு கட்டினார்கள் என்று தனித்தனியாகக் கேளுங்கள். ‘கோப்பு கிடைக்கவில்லை’ என்று கூசாமல் பதில் எழுதுவார்கள். விடாதீர்கள், 30 நாளில் மேல்முறையீடு செய்யுங்கள்.

எண் கிடைத்ததும் வாரிசுச் சான்றோடு வக்கீல் மூலம் வழக்கில் சேர மனுப் போடுங்கள். தாத்தா உயில் எழுதாமல், இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த 1956-க்குப் பிறகு இறந்திருந்தால் அத்தைகளுக்கும் பங்கு உண்டு. அவர்களை மறைத்துச் சான்று வாங்கினால் ஒரே ஆட்சேபணையில் பணம் மறுபடி முடங்கும். பணம் வங்கி டெபாசிட்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள். யாரும் கேட்காவிட்டால் வட்டியில்லாமலே கிடக்கும்; பங்கு முடிவாகும்வரை வங்கியில் போடச் சொல்லி உடனே தனி மனுக் கொடுங்கள்.