டேபிள் யார் பெயரில் இருக்கிறது?

கேள்வி: அக்கா, நாங்கள் ஏழு பேர் சேர்ந்து அரிசி ஆலைகளுக்கு நெல் கொள்வனவு மென்பொருள் எழுதுகிறோம். டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். நான் உருவாக்கிய டேபிளில் பக்கத்து மேசைப் பொடியனால் ஒரு கொலம் சேர்க்க முடியவில்லை. ‘மஸ்ட் பி ஓனர் ஆஃப் டேபிள்’ என்று பிழை வருகிறது. எத்தனை கிராண்ட் (உரிமை வழங்கும் கட்டளை) கொடுத்தும் சரிவரவில்லை. கடைசியில் பொறுப்பாளர் ‘போஸ்ட்கிரெஸ்’ என்ற முதன்மை யூசரின் பாஸ்வேர்டையே எல்லாருக்கும் தந்துவிட்டார். இப்போது வேலை ஓடுகிறது. இப்படியே விடலாமா?
— வாசகர், கல்முனை

பதில்: விட வேண்டாம் தம்பி. பொறுப்பாளரில் குறை சொல்லவில்லை. ஆலைக்காரர் தொலைபேசியில் சத்தம் போடும்போது யாரும் அதைத்தான் செய்வார்கள். நாங்களும் செய்தோம்.

மட்டக்களப்பில் நான் முதலில் வேலைசெய்த இடத்தில் ஒன்பது பேருக்கும் ஒரே பாஸ்வேர்ட். அதை நீலப் பேனையால் எழுதி அலுமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருந்தோம். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரு கடையின் இருப்பு டேபிள் காணாமல் போய்விட்டது. நடந்ததை டேட்டாபேஸ் எழுதிவைக்கும் லொக்கைத் திறந்தால், டேபிளை அழிக்கும் ட்ரொப் கட்டளை இருக்கிறது, நேரம் இருக்கிறது: 4.52. பெயர் வரவேண்டிய இடத்தில் ஒன்பது பேருக்கும் பொதுவான அந்த ஒரே பெயர். யாரும் வாய் திறக்கவில்லை. எல்லாருடைய கண்ணும் வேலைக்கு வந்து மூன்று கிழமையே ஆன ஒரு பொடியன் மேல் போனது. அவன் செய்யவில்லை. பழைய சோதனை ஸ்கிரிப்ட் ஒன்று தவறான டேட்டாபேஸில் ஓடியிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கத் திங்கள் மத்தியானம் ஆகிவிட்டது. பக்கப்பிலிருந்து, அதாவது காப்புப் பிரதியிலிருந்து, தரவு முழுக்கத் திரும்பி வந்தது. அவன் அடுத்த மாதமே விலகிவிட்டான். இன்றைக்கும் அவனுடைய முகம் எனக்கு மறக்கவில்லை.

இனி உங்கள் பிழைக்கு வருகிறேன். போஸ்ட்கிரெஸில் ஒரு டேபிளை யார் உருவாக்குகிறாரோ அவரே அதன் சொந்தக்காரர். பார்க்க, எழுத, திருத்த, வரிகளை அழிக்க உள்ள உரிமைகளைக் கிராண்ட் போட்டுப் பிறருக்குக் கொடுக்கலாம். கொலம் சேர்ப்பதும் டேபிளையே ட்ரொப் செய்வதும் சொந்தக்காரரோடு ஒட்டிய உரிமைகள். அவற்றைத் தனியே பிரித்துக் கொடுக்க ஒரு கிராண்ட் கிடையாது. சொந்தக்காரரைத்தான் மாற்ற வேண்டும்.

எங்கள் பக்கத்துக் கோயில்களை நினைத்துப் பாருங்கள். கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் மாறுவார், கோயில் வயல் கோயிலின் பெயரிலேயே இருக்கும். சாமி வந்து கையெழுத்து வைப்பதில்லை. வண்ணக்கர் கோயிலுக்காக வைக்கிறார், ஆனால் வைப்பது அவருடைய சொந்தக் கையெழுத்து. உங்களுக்கும் இந்த இரண்டும் வேண்டும்.

லொகின் செய்ய முடியாத ஒரு ரோலை, அதாவது உரிமைகளை வைத்திருக்கும் ஒரு பெயரை, உருவாக்குங்கள். ‘ஆலைக்குழு’ என்று பெயர் வைப்போம். அதற்குப் பாஸ்வேர்ட் கிடையாது. ஏழு பேருக்கும் ஏழு லொகின் கொடுத்து, ஏழையும் ஆலைக்குழுவில் உறுப்பினராக்குங்கள். பலபேர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தினால் நீங்கள் உருவாக்கும் டேபிள் பழையபடி உங்கள் பெயரிலேயே பதியும். ஆகவே ஒவ்வொரு லொகினுக்கும் ‘ஆல்டர் ரோல்’ கட்டளையில் ‘செட் ரோல்’ போட்டு ஆலைக்குழுவைப் பொருத்திவிடுங்கள். அதன்பிறகு யார் உள்ளே வந்து என்ன உருவாக்கினாலும் அது ஆலைக்குழுவின் சொத்து. லொக்கில் யூசர் பெயர் விழும்படி வைத்து, ‘லொக் ஸ்டேட்மென்ட்’ என்பதை ‘டிடிஎல்’ (டேபிளை உருவாக்குவது, மாற்றுவது, அழிப்பது போன்ற கட்டளைகள்) ஆக்கினால், உள்ளே வந்த ஆளின் சொந்தப் பெயர் அங்கே நிற்கும். 2022இல் வந்த 15ஆம் பதிப்பிலிருந்து டேபிள்கள் வழக்கமாகப் போய்ச்சேரும் பப்ளிக் ஸ்கீமாவில் கண்டவரெல்லாம் டேபிள் உருவாக்க முடியாது. ஆலைக்குழுவுக்கு அந்த உரிமையையும் கொடுங்கள்.

இதற்குள் நீங்கள் உருவாக்கிய டேபிள்கள் முதன்மை யூசர் பெயரில் கிடக்குமே? ஒருவருடைய சொத்தை மொத்தமாக மாற்றும் ‘ரீஅசைன் ஓன்ட்’ கட்டளையை அந்த யூசருக்குப் போட்டால் போஸ்ட்கிரெஸ் மறுத்துவிடும், ஏனென்றால் டேட்டாபேஸ் இயங்கத் தேவையானவையும் அவர் பெயரில்தான் இருக்கின்றன. டேபிள் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாக ஓனரை மாற்றுங்கள். ஒரு தேநீர் குடிக்கும் நேரத்து வேலை. அன்றைக்கே முதன்மை பாஸ்வேர்டையும் மாற்றி, இரண்டு பேரோடு நிறுத்துங்கள்.

இன்னொன்று. உங்கள் மென்பொருள் இந்த ஏழு லொகினில் எதையும் பாவிக்கக் கூடாது. அதற்குத் தனி யூசர், வாசிக்கவும் எழுதவும் மட்டும் உரிமை. புதிய டேபிள்களுக்கும் அந்த உரிமை தானாகக் கிடைக்க ‘ஆல்டர் டீஃபால்ட் பிரிவிலேஜஸ்’ இருக்கிறது. அதில் ‘ஃபார் ரோல் ஆலைக்குழு’ என்று மறக்காமல் எழுதுங்கள். எழுதாவிட்டால் கட்டளையைப் போட்டவர் உருவாக்கும் டேபிள்களுக்கு மட்டும்தான் பொருந்தும். ஏற்கெனவே இருப்பவற்றுக்குத் தனியாகக் கிராண்ட் போட வேண்டும். தானாக எண் ஏறும் சீரியல் கொலம் வைத்திருந்தால், அந்த எண்ணைக் கொடுக்கும் சீக்வென்ஸுக்கும் உரிமை வேண்டும், இல்லாவிட்டால் முதல் பற்றுச்சீட்டு போடும்போதே நின்றுவிடும்.

கேள்வி: எங்கள் குழுவில் ஒருவர் அடுத்த மாதம் கட்டார் போகிறார். அவருடைய லொகினை அன்றைக்கே அழித்துவிடலாமா?
— வாசகி, மட்டக்களப்பு

பதில்: அன்றைக்கே அழிக்க வேண்டாம் தங்கச்சி. லொகின் உரிமையை மட்டும் எடுத்துவிட்டு, திறந்திருக்கும் இணைப்புகளையும் துண்டியுங்கள். அவை தாமாக அறுபடாது. ஒரு மாதமாவது பொறுத்துப் பாருங்கள். இரவில் ஓடும் பக்கப்போ மாதமுடிவு அறிக்கையோ அவர் பெயரில் ஓடிக்கொண்டிருந்தால் அப்போதுதான் தெரியவரும். பிறகு ஒவ்வொரு டேட்டாபேஸிலும் ‘ரீஅசைன் ஓன்ட்’ போட்டு அவருடைய சொத்தைக் குழுவுக்கு மாற்றுங்கள். அதன்பிறகே, அவர் பெயரில் மிச்சமிருப்பவற்றையும் உரிமைகளையும் நீக்கும் ‘ட்ரொப் ஓன்ட்’. வரிசை மாறினால் டேபிள்கள் போய்விடும். கடைசியாக ரோலை அழியுங்கள்.

கேள்வி: பல்கலைக்கழகச் செயற்றிட்டத்துக்கு மைஎஸ்கியூஎல் பாவிக்கிறோம். அதிலும் இந்த ஓனர் பிரச்சினை வருமா?
— மாணவி, அக்கரைப்பற்று

பதில்: வராது. மைஎஸ்கியூஎல்லில் டேபிளுக்குச் சொந்தக்காரர் என்று ஒருவர் இல்லை. கொலம் சேர்க்கும் உரிமையை முழு டேட்டாபேஸுக்கும் கிராண்ட் போட்டுக் கொடுக்கலாம். 8.0 பதிப்பில் ரோலும் வந்துவிட்டது. ஆனால் ரோலைக் கொடுத்தால் மட்டும் அது வேலைசெய்யாது, ‘செட் டீஃபால்ட் ரோல்’ போட்டு இயங்கவைக்க வேண்டும். வியூ (சேமித்துவைத்த தேடல்) எழுதும்போது கவனமாக இருங்கள் மகள். அதை எழுதியவரின் பெயர் அதில் ‘டிஃபைனர்’ என்று பதியும். செயற்றிட்டம் முடியுமுன் அந்த யூசரை யாராவது அழித்தால், வியூவைத் திறக்கும்போது பிழைதான் வரும்.