700 டாலர் கவுன், 400 மைல் பயணம்

கேள்வி: பென்சில்வேனியாவில் ஹாரிஸ்பர்க் அருகே வசிக்கிறோம். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு வரும் மே மாதம் பள்ளியில் ப்ராம் எனும் நடன விருந்து. லங்காஸ்டர், பிலடெல்பியா, பிட்ஸ்பர்க் என்று மாநிலம் முழுக்க இருக்கும் பொட்டிக் எனும் சிறு ஆடைக் கடைகளைச் சுற்றிப் பார்த்துத்தான் கவுன் எடுப்பேன் என்கிறாள். அவள் மனதில் இருப்பது 700 டாலர் விலையில் ஒன்று. இணையத்தில் 120 டாலருக்கு அதே மாதிரி கிடைக்கிறது என்கிறார் கணவர். கிரெடிட் கார்டில் ஏற்கெனவே பாக்கி இருக்கிறது. ஜனவரி முதல் மாதம் 150 டாலர் ஒதுக்கலாம், அவ்வளவுதான். ஒரே ஒரு நாள் உடுத்தும் ஆடைக்கு இத்தனை செலவு தேவையா?

பதில்: ஒரே ஒரு முகூர்த்தத்துக்கு உடுத்திவிட்டு பீரோவில் மடித்து வைத்த பட்டுப்புடவைகளுக்கு நாம் இந்தக் கணக்கைப் பார்த்ததில்லை. எனவே தேவையா என்ற கேள்வியை விட்டுவிடுவோம். எவ்வளவு, எப்போது, எந்தப் பணத்தில் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை மாதம் 150 என்றால் 600 டாலர். கவுன், அதைச் சரிசெய்யும் தையல்கூலி, செருப்பு, கைப்பை எல்லாமே இதற்குள் அடங்க வேண்டும். விலைச் சீட்டில் தெரியாத செலவு தையல்கூலிதான். தரையைத் தொடும் கவுனைச் சற்று உயர்த்துவது பேண்ட் மடிப்பதைப் போன்ற வேலை இல்லை. உள்ளே நான்கைந்து அடுக்கு இருந்தால் ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியே வெட்டித் தைக்க வேண்டும். ஓரத்தில் மணி வேலைப்பாடு இருந்தால் மணிகளைக் கையால் பிரித்தெடுத்து மறுபடி கோக்க வேண்டும். இதற்கு 120 டாலராவது ஒதுக்குங்கள். விருந்துக்கு அணியப்போகும் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் அளவு கொடுக்க வேண்டும். தளர்வாக இருப்பதைப் பிடிப்பது எளிது. இறுக்கமாக இருப்பதைத் தளர்த்தத் துணியே இருக்காது.

செருப்புக்கும் பைக்கும் 60 போனால் கவுனுக்கு மிஞ்சுவது 420. பென்சில்வேனியாவில் துணிமணிக்கு விற்பனை வரி இல்லை என்ற நினைப்பில் இருப்பீர்கள். அன்றாட உடைக்குத்தான் அந்தச் சலுகை; ப்ராம் கவுன் போன்ற விருந்து உடைக்கு 6 சதவீத வரி உண்டு. பிட்ஸ்பர்க் இருக்கும் அலெகெனி கவுண்டியில் அது 7, பிலடெல்பியாவில் 8. ஆகவே உங்கள் பக்கத்துக் கடையில் மகள் பார்க்க வேண்டிய விலைச் சீட்டு 395 டாலர் வரை. விற்பனை வரியே இல்லாத டெலவேருக்குப் போய் வாங்கலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். அங்கே வாங்கி இங்கே கொண்டுவந்தாலும், விற்பனை வரிக்கு ஈடான பயன்பாட்டு வரி உங்கள் மாநிலத்துக்குச் சேர வேண்டியதுதான்.

மாநிலச் சுற்றுலாவைப் பற்றி: ஹாரிஸ்பர்க்கிலிருந்து பிட்ஸ்பர்க் போய்வர ஏறக்குறைய 400 மைல். வணிகப் பயணத்துக்கு மத்திய வருமான வரித் துறை 2025இல் வைத்த கணக்கு மைலுக்கு 70 சென்ட். அந்தக் கணக்கில் ஒரு பயணத்துக்கு 280 டாலர், டர்ன்பைக் நெடுஞ்சாலைக் கட்டணம் தனி. 395 டாலர் கவுன் விலையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் சாலையிலேயே கரைகிறது. லங்காஸ்டர், யார்க் இரண்டும் பக்கத்தில்தான். ஒரு சனிக்கிழமை அங்கே போய் வாருங்கள். பல கடைகளில் முன்கூட்டியே நேரம் குறிக்க வேண்டியிருக்கும்.

உங்கள் கணவர் சொல்லும் 120 டாலர் கவுனை எனக்குப் பிடிக்கவில்லை. பெரிய நிறுவனங்களின் படத்தைத் திருடிப் போட்டு, வேறெதையோ அனுப்பும் தளங்கள் இந்தத் தொழிலில் ஏராளம். தவிர, 800 டாலர் வரையிலான வெளிநாட்டுப் பொட்டலங்களுக்கு இருந்த சுங்க விலக்கு சீனப் பொருள்களுக்கு 2025 மே மாதமும், மற்ற நாடுகளுக்கு ஆகஸ்ட் கடைசியிலும் நீக்கப்பட்டது. வாசலில் கூடுதலாகப் பணம் கேட்டால் ஆச்சரியப்பட வேண்டாம். கடையில் போட்டுப் பார்த்து வாங்குவதில் இன்னொரு வசதி: எந்தப் பள்ளிக்கு எந்தக் கவுன் விற்றோம் என்று பல பொட்டிக்குகள் குறித்து வைத்து, அதே பள்ளியில் இன்னொருத்திக்கு அதை விற்பதில்லை. உங்கள் மகளுக்கு இதன் மதிப்பு நமக்குத் தெரிவதைவிட அதிகம்.

மார்ச் கடைசியில் உங்கள் கையில் 450 டாலர் இருக்கும். அப்போது, கடையில் தொங்குவதிலிருந்து எடுங்கள். தனியே தருவித்துத் தரும் ஆர்டர் வேண்டாம். அதற்கு இப்போதே பெரும்பகுதி முன்பணம் கட்ட வேண்டும், வர மாதக்கணக்கில் ஆகும். வராத பொருளுக்காகக் கார்டு நிறுவனத்திடம் முறையிடச் சட்டம் தரும் அவகாசம் பில் அனுப்பியதிலிருந்து 60 நாள்தான். கவுன் தாமதமாகிறது என்று உங்களுக்குத் தெரியும்போதே அது கடந்திருக்கலாம். கண்காட்சிக்கு வைத்த சாம்பிள், போன வருட மாடல் இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். 700 டாலர் கவுனும் அப்படி இறங்கி வரக்கூடும்.

மீதியைக் கார்டில் போடலாம் என்ற சபலம் வரும். பழைய பாக்கியோடு சேர்த்து 1,000 டாலர் என்று வைத்துக்கொண்டால், 22 சதவீத வட்டியில் அதை மாதம் 50 டாலராக அடைக்க 25 மாதத்துக்கு மேல் இழுக்கும், வட்டி மட்டும் 250 டாலரைத் தாண்டும். மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டை முடிக்கும்போதும் இந்தக் கவுனுக்குத் தவணை கட்டிக்கொண்டிருப்பீர்கள். 395க்கு மேல் அவளுக்கு வேண்டுமென்றால் அந்த வித்தியாசத்தை அவளே பகுதிநேர வேலையில் சம்பாதிக்கட்டும்.

பணம் கட்டும் முன் ரசீதில் திருப்பி எடுக்கும் விதி என்னவென்று படியுங்கள். ப்ராம் கவுன்களை விற்றால் திரும்ப வாங்காத கடைகள்தான் அதிகம்.