முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் இளம் அதிகாரிகள் சிப்பாய்களைவிட அதிக விகிதத்தில் இறந்தது ஏன்?

இங்கே இளம் அதிகாரி என்றால் செகண்ட் லெப்டினன்ட், லெப்டினன்ட் நிலையில் இருந்தவர்கள். பலருக்கு வயது இருபதைச் சுற்றித்தான். பள்ளியை விட்டுச் சில மாதங்களிலேயே சுமார் ஐம்பது பேர் கொண்ட பிளட்டூன் ஒன்று அவர்கள் பொறுப்பில் வந்துவிடும். ஈரப் பதுங்குகுழியில் நின்று அழுகாமல் இருக்கிறதா என்று சிப்பாய்களின் பாதங்களைப் பார்ப்பது, அவர்களுடைய கடிதங்களைத் தணிக்கை செய்வது, இரவு ரோந்துக்கு அழைத்துப் போவது என்று எல்லாம் அவர்கள் வேலை.

தாக்குதல் என்றால் முதலில் வெளியே ஏற வேண்டியவரும் அவர்தான். இருட்டில் டார்ச்சோடு முன்னே நடப்பவரைப் போல: பள்ளத்தில் முதலில் கால் வைப்பதும் அவரே, தூரத்திலிருந்து கண்ணில் படுவதும் அவரே. உடை வேறு காட்டிக் கொடுத்தது. தோல் பெல்ட், கையில் ரிவால்வர், சட்டைக் கைமுனையில் பதவிச் சின்னம். குறிபார்த்துச் சுடுபவருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? பிறகு பல அதிகாரிகள் சாதாரணச் சிப்பாயின் சட்டையையே போட்டுக்கொண்டார்கள்.

பிரிட்டிஷ் ராணுவத்தில் சிப்பாய்களில் சுமார் 12 சதவீதமும் அதிகாரிகளில் சுமார் 17 சதவீதமும் இறந்தனர். இப்படி ஓர் இளம் அதிகாரியாக இருந்த ஆங்கிலக் கவிஞர் வில்ஃப்ரெட் ஓவன் 1918 நவம்பர் 4 அன்று, போர்நிறுத்தத்துக்கு ஒரு வாரம் முன்பு, 25 வயதில் கொல்லப்பட்டார்.

அப்புறம், இளம் அதிகாரியின் ஆயுள் ஆறே வாரம் என்று அடிக்கடி சொல்வார்கள். மிக மோசமான சண்டைக் காலங்களுக்கு அது பொருந்தலாம், ஆனால் போர் முழுவதையும் எடுத்தால் அதிகாரிகளில் பெரும்பாலோர் உயிரோடுதான் திரும்பினார்கள்.