வீட்டு மருந்து அலமாரியும் கால்பந்து வீரர்களும்: கேள்வி பதில்

ஐரோப்பியக் கால்பந்துக் கிளப்களின் சத்துப் பொடிகள், ஊக்கமருந்துச் சோதனைகள் பற்றி அடிக்கடி வந்த கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். விளையாட்டு ஊட்டச்சத்துதான் என் துறை. தீர்ப்புச் சொல்வது என் வேலை இல்லை, ஆனாலும் ஓரிரு இடங்களில் சொல்லிவிடுவேன்.

பந்துப் பைத்தியம்: பெரிய கிளப்களில் அப்படி என்னதான் கொடுக்கிறார்கள்?

ஏமாந்துபோவீர்கள். கிரியேட்டின், காஃபின், புரதப் பொடி, வைட்டமின் டி, பீட்ரூட் சாறு. ஏறக்குறைய அவ்வளவுதான். கிரியேட்டின் நாளுக்கு 3 முதல் 5 கிராம். அது ஒருபோதும் தடைப் பட்டியலில் இருந்ததில்லை. காஃபின் 2003 வரை இருந்தது, 2004இல் நீக்கிவிட்டார்கள். மாற்று வீரராக இறங்கப்போகிறவர் காஃபின் கலந்த சூயிங்கம் மெல்வதுண்டு; காப்பியைவிட வேகமாக ரத்தத்தில் கலக்கும் என்பதால். வைட்டமின் டி, வெயில் காணாத வடக்கு நாடுகளின் குளிர்காலத்துக்காக. இவை எதுவும் சுமாரான ஆட்டக்காரரை மெஸ்ஸி ஆக்காது.

கடைக்காரர் மகன்: எல்லாம் கடையில் கிடைப்பவைதானே, பிறகு எதற்கு இத்தனை கெடுபிடி?

டப்பாவின் மேல் எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றாக இருப்பதில்லை. 2000–2001இல் ஜெர்மனியின் கொலோன் ஆய்வகத்தில் 13 நாடுகளில் வாங்கிய 634 சத்துப் பொருள்களைச் சோதித்தார்கள். 94இல், அதாவது ஏறத்தாழ 15 சதவீதத்தில், லேபிளில் சொல்லாத ஸ்டீராய்டு வகைகள் இருந்தன. பல தயாரிப்புகள் ஒரே இயந்திரத்தில் அரைபடும் ஆலைகளில் இது நடக்கும். வேண்டுமென்றே கலப்பவர்களும் உண்டு. ஆகவேதான் கிளப்கள் 'இன்ஃபார்ம்டு ஸ்போர்ட்' போன்ற முத்திரை உள்ளவற்றை மட்டும் வாங்குகின்றன. அந்த முத்திரையும் பிராண்டுக்கு அல்ல, ஒரே தடவையில் தயாரான அந்தக் குறிப்பிட்ட சரக்கின் தொகுதி (batch) எண்ணுக்குத்தான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

கோல்கீப்பரின் அப்பா: ஆட்டம் முடிந்ததும் சோதனை எப்படி நடக்கும்?

வீரர்களைப் பெரும்பாலும் குலுக்கலில் எடுப்பார்கள். பெயர் வந்தவருக்குத் தகவல் சொன்ன நொடியிலிருந்து ஒரு துணையாள் நிழல் மாதிரி கூடவே இருப்பார். குளிக்கப் போனாலும் விடமாட்டார். முத்திரை பிரிக்காத குப்பிப் பெட்டிகளில் ஒன்றை வீரரே தேர்ந்தெடுக்க வேண்டும். குறைந்தது 90 மில்லி சிறுநீர் தேவை. உடலைவிட்டு வெளியேறுவதை அதிகாரி நேரில் பார்ப்பார். கூச்சமான வேலைதான், ஆனால் வேறொருவர் சிறுநீரைப் பையில் மறைத்துவந்து ஊற்றிய கதைகள் விளையாட்டுலகில் ஏராளம்.

சிக்கல் என்னவென்றால், 90 நிமிடம் ஓடி வியர்த்தவருக்குச் சிறுநீர் வராது. தண்ணீரை மளமளவென்று குடித்தால் மாதிரி நீர்த்துப்போய், செல்லாது என்று இன்னொரு முறை கேட்பார்கள். அணியின் பஸ் வெளியே காத்துக்கொண்டிருக்கும். கிடைத்த மாதிரியை வீரரே 'ஏ', 'பி' என இரு குப்பிகளில் ஊற்றி மூடுவார். 'ஏ'வில் ஏதேனும் தென்பட்டால், வீரர் கேட்கும்போது 'பி'யைத் திறப்பார்கள். கடைசியாக ஒரு படிவம்: கடந்த 7 நாளில் உட்கொண்ட மருந்துகள், சத்துப் பொருள்கள் எல்லாவற்றையும் எழுத வேண்டும். இதைச் சோம்பலில் அரைகுறையாக நிரப்புகிறவர்கள் பிறகு வழக்கறிஞருக்குச் செலவழிப்பார்கள்.

யுவெ ரசிகன்: இத்தனை மருத்துவர்கள் இருந்தும் போக்பா எப்படி மாட்டினார்?

கிளப் மருத்துவரைக் கேட்காததால். 2023 ஆகஸ்ட் 20 அன்று உடினேசே அணிக்கு எதிரான ஆட்டத்தில், இத்தாலியின் யுவென்டஸ் கிளப் வீரரான அவர் களமிறங்கவே இல்லை, பெஞ்சில் இருந்தார். சோதனையில் டெஸ்டோஸ்டிரோன் வகை வெளிப்பட்டது. அமெரிக்காவில் ஒரு மருத்துவர் பரிந்துரைத்த சத்துப் பொருளிலிருந்து வந்தது என்பது அவர் தரப்பு. தடை 4 ஆண்டு. 2024 அக்டோபரில் விளையாட்டு நடுவர் தீர்ப்பாயம் அதை 18 மாதமாகக் குறைத்தது.

மற்ற வழக்குகளையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். 2011இல் மான்செஸ்டர் சிட்டியின் கோலோ டூரே, மனைவியின் எடை குறைப்பு மாத்திரை: 6 மாதம். 2020இல் அயாக்ஸ் கோல்கீப்பர் ஒனானா, மனைவியின் சிறுநீர் பெருக்கி மாத்திரையைத் தவறுதலாக விழுங்கியதாகச் சொன்னார்: 12 மாதம், பிறகு 9 ஆனது. செவியாவில் இருந்த அர்ஜென்டினா வீரர் பாப்பு கோமெஸ், தன் குழந்தையின் இருமல் சிரப் ஒரு கரண்டி என்றார்: 2 ஆண்டு. கிளப்பின் அலமாரியில் இருந்து வந்தது இவற்றில் ஒன்றுகூட இல்லை. உடம்பில் இருந்தால் பொறுப்பு உன்னுடையது என்பதே விதி. எப்படி வந்தது என்பது தண்டனையின் அளவைத்தான் மாற்றும்.

ஆன்ஃபீல்டு அடியேன்: சாக்கோ விஷயத்தில் நடந்தது நியாயமா?

இல்லை. லிவர்பூலின் பிரெஞ்சு வீரர் மமடூ சாக்கோ 2016 மார்ச்சில் மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டத்துக்குப் பின் சோதிக்கப்பட்டார். அகப்பட்டது ஹைஜெனமின், கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையில் இருந்த பொருள். அன்றைய தடைப் பட்டியலில் அதன் பெயரே கிடையாது. தடை செய்யப்பட்ட ஒரு வகையைச் சேர்ந்தது என்று ஆய்வகம் முடிவெடுத்தது. அந்த வகைதானா என்பதே சந்தேகம் என்று நிபுணர்கள் சொல்ல, ஜூலையில் வழக்கு தள்ளுபடியானது. அதற்குள் யூரோப்பா லீக் இறுதிப் போட்டி போயிற்று, சொந்த மண்ணான பிரான்சில் நடந்த யூரோ கோப்பையும் போயிற்று. தீர்ப்புக்குப் பிறகும் அவரைக் குற்றவாளியாகப் பேசியதற்காக உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2020இல் மன்னிப்புக் கேட்டு இழப்பீடு கொடுத்தது. பணம் கிடைத்தது, அந்த இரண்டு மாதங்களை யார் கொடுப்பது?

2017 பட்டியலில் ஹைஜெனமின் பெயரோடு ஏறிவிட்டது. நம் ஊரில் மூலிகை என்றால் கண்ணை மூடிக்கொண்டு குடிப்பவர்களுக்கு ஒரு தகவல்: தாமரை விதைக்குள் இருக்கும் பச்சை முளையிலும் சீத்தா மரத்திலும் இது இயற்கையாகவே உண்டு.

பழைய ரசிகர்: ரியோ ஃபெர்டினாண்ட் எதையுமே உட்கொள்ளவில்லையே, அவருக்கு ஏன் தடை?

மான்செஸ்டர் யுனைடெட் வீரரான அவர், 2003 செப்டம்பரில் சோதனை இருப்பது தெரிந்தும் பயிற்சி மைதானத்தை விட்டுக் கடைவீதிக்குப் போய்விட்டார். மறந்துவிட்டேன் என்றார். இரண்டு நாள் கழித்துக் கொடுத்த மாதிரி சுத்தமாக இருந்தது, ஆனால் அதற்கு மதிப்பில்லை. 8 மாதத் தடை.

நீலவெள்ளை: கோமெஸ் மாட்டியதால் 2022 உலகக் கோப்பையை அர்ஜென்டினா திருப்பித் தர வேண்டாமா?

வேண்டாம். ஓர் அணியில் இருவருக்கு மேல் மாட்டினால்தான் அணிக்கே தண்டனை என்ற பேச்சு வரும்.

சந்தேகப் பிராணி: கிளப்களே தவறு செய்ததில்லையா? எல்லாப் பழியும் வீட்டு அலமாரி மேலா?

சரியான இடத்தில் பிடித்தீர்கள். 1998இல் ரோமா அணியின் பயிற்சியாளர் ஸ்டெனெக் ஸெமான், கால்பந்து மருந்துக்கடையை விட்டு வெளியே வர வேண்டும் என்று பேசப்போய், இத்தாலியே கொதித்தது. விசாரணை யுவென்டஸ் மீது திரும்பியது; அணி மருத்துவர் அக்ரிகோலா 2004இல் தண்டிக்கப்பட்டு, 2005இல் மேல்முறையீட்டில் விடுவிக்கப்பட்டார். ஆரோக்கியமான இளைஞர்கள் ஆடும் ஒரு கிளப்புக்கு, விசாரணையில் தெரியவந்த அத்தனை மருந்துகள் எதற்கு என்ற கேள்வி எனக்கு இன்றும் தீரவில்லை. இப்போது வலி மாத்திரைகள்தான் என் கவலை. டிராமடால் 2024 ஜனவரி முதல் போட்டிகளின்போது தடை. பல ஆண்டு தாமதம் என்பேன்.

மாவட்ட அணி: போட்டிக்கு முன் களைப்பாக இருந்தால் நாங்கள் ஒரு பாட்டில் டிரிப்ஸ் ஏற்றிக்கொள்வோம். அதில் தவறு உண்டா?

உண்டு. மருத்துவமனைச் சிகிச்சையாக இல்லாமல் 12 மணி நேரத்தில் 100 மில்லிக்கு மேல் நரம்பில் ஏற்றினாலே விதிமீறல். உள்ளே இருப்பது வெறும் குளுக்கோஸ் ஆனாலும் சரி. பிரெஞ்சு வீரர் சமீர் நஸ்ரி 2016 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸில் அரை லிட்டர் வைட்டமின் நீர் ஏற்றிக்கொண்டார். அந்தச் சிகிச்சையகத்தில் எடுத்த படம் இணையத்தில் வந்து மாட்டிக்கொண்டார். முதலில் 6 மாதம், மேல்முறையீட்டில் 18 மாதம். உங்கள் களைப்புக்கு இரவுத் தூக்கத்தையும், உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரையும் முதலில் முயன்று பாருங்கள்.