உணவுக்குழாய் ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும்: வீட்டார் கவனத்துக்கு

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது. உணவுக்குழாயில் புற்றுநோய். கீமோ, ரேடியேஷன் முடிந்து அடுத்த மாதம் ஆபரேஷன். சர்க்கரை உண்டு, பல வருடமாகப் பீடி பிடிப்பவர். என்ன சிக்கல் வரலாம்? நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: பீடியை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். ஆபரேஷனுக்கு 4 வாரம் முன்பாவது நிறுத்தியாக வேண்டும். இந்த ஆபரேஷனுக்குப் பின் அதிகம் படுத்துவது நிமோனியாதான். மூன்று உருண்டை ஸ்பைரோமீட்டரை (நுரையீரலுக்கு மூச்சுப்பயிற்சி தரும் சிறு கருவி) இப்போதே வாங்கி, மணிக்குப் பத்து முறை பழக்குங்கள். பலரும் அதை ஊதுகிறார்கள், அது தவறு. மெதுவாக உள்ளே இழுத்து, சில விநாடி மூச்சை நிறுத்த வேண்டும்.

அடுத்த கவலை தையல் கசிவு. நோயுள்ள குழாயை எடுத்துவிட்டு, இரைப்பையைக் குழாய்போல் ஆக்கி நெஞ்சுக்கோ கழுத்துக்கோ ஏற்றித் தைப்பார்கள். அதன் மேல்நுனிக்கு ரத்த ஓட்டம் குறைவு. தையல் ஆறாமல் போவது பெரும்பாலும் அதனால்தான். கட்டுக்கடங்காத சர்க்கரையும் ஊட்டக்குறைவும் ஆபத்தைக் கூட்டும். அப்பா 10 சதவீதத்துக்கு மேல் எடை இழந்திருந்தால் டயட்டீஷியனை உடனே பாருங்கள். விழுங்க முடியாவிட்டால் டியூப் வழியாகவாவது ஊட்டம் ஏற்றிய பிறகே ஆபரேஷனுக்குப் போவது நல்லது.

கசிவு பெரும்பாலும் முதல் 10 நாளுக்குள் தெரியும். காய்ச்சல், படபடப்பு, மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, கழுத்துப் புண்ணில் எச்சில் கசிவது, இவற்றில் எது வந்தாலும் வாய்வழி எதுவும் கொடுக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். கழுத்துக் கசிவு, புண்ணைத் திறந்துவிட்டாலே பெரும்பாலும் ஆறிவிடும். நெஞ்சுக்குள் கசிந்தால் ஆன்டிபயாடிக், வடிகுழாய், ஸ்டென்ட் (கசியும் இடத்தை உள்ளிருந்து மூடும் குழாய்), சிலருக்கு மறு ஆபரேஷன்கூடத் தேவைப்படும்.

ஆபரேஷனில் உணவு ஏற்றுவதற்காக வயிறு வழியாகக் குடலில் டியூப் வைத்திருந்தால், அதில் உணவு ஏற்றும் முன்னும் பின்னும் 30 மி.லி. வெதுவெதுப்பான நீர் செலுத்துங்கள். அடைப்பதற்குக் காரணம் பெரும்பாலும் சரியாகப் பொடிக்காத மாத்திரை. எதைப் பொடிக்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். டியூப் உருவி வந்துவிட்டால் மறுநாள்வரை காத்திருக்காதீர்கள். துளை சில மணி நேரத்திலேயே மூடத் தொடங்கும்.

குரல் கம்மி, தண்ணீர் குடித்ததும் இருமினால் குரல்நாண் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். விழுங்கும் பயிற்சியாளர் பார்க்கும்வரை தண்ணீராக எதுவும் வாய்வழி வேண்டாம்.

சாப்பாடு ஆறு முதல் எட்டு வேளையாக, கொஞ்சம் கொஞ்சமாக. பாயசம், ஜூஸ் தவிருங்கள். குடித்த அரை மணிக்குள் வியர்த்துப் படபடத்து வயிற்றாலை போகும். ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்துச் சர்க்கரை இறங்கவும் கூடும். பழைய அளவு இன்சுலினையோ மாத்திரையையோ அப்படியே தொடர்ந்தால் அது ஆபத்து. டிஸ்சார்ஜுக்கு முன்பே அளவை மாற்றிக் கேளுங்கள். தலைப்பக்கம் 30 டிகிரி உயர்த்திப் படுக்க வேண்டும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் படுக்கக் கூடாது.

சில வாரமோ மாதமோ கழித்து இட்லியே தொண்டைக்குக் கீழே நின்றால், நோய் திரும்பிவிட்டதென்று பதற வேண்டாம். தையல் போட்ட இடத்தில் தழும்பு சுருங்கியிருக்கலாம். எண்டோஸ்கோபி செய்து உறுதிப்படுத்திக்கொண்டு பலூனால் விரிப்பார்கள். சிலருக்கு இரண்டு மூன்று முறை தேவைப்படும்.